இரட்டையருக்கு ஒரே சீட்டு

எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் தம்பதிக்கு இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் பையன்கள். ஏழு நிமிடம் முந்திப் பிறந்தவன் வீட்டில் பெரியவன், அடுத்தவன் சின்னவன். சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதக் காலையில், பக்கத்துத் தனியார் பள்ளியில் ஆர்.டி.இ. எனப்படும் கல்வி உரிமைச் சட்டத்தின்படியான இலவச இடங்களுக்குக் குலுக்கல். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று அந்த அம்மா கூப்பிட்டார், நானும் போனேன்.

மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் நாலாக மடித்த துண்டுக் காகிதத்தில். முன்வரிசையில் அம்மா மடியில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியைக் கூப்பிட்டுச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். மூன்றாவது சீட்டில் சின்னவன் பெயர் வந்தது. அந்த அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். கடைசிச் சீட்டு எடுத்து முடியும்வரை விடவில்லை. பெரியவன் பெயர் வரவே இல்லை.

எழுந்து மேசைக்குப் போனார். “சார், ரெண்டும் ஒண்ணாப் பொறந்தது சார். ஒண்ண மட்டும் எடுத்துக்கிட்டா இன்னொண்ண நான் எங்க சார் கொண்டுபோய் விடுவேன்?” கல்வித் துறையிலிருந்து வந்திருந்த அலுவலர் எரிந்து விழவில்லை. “புரியுதும்மா. ஆனா சீட்டுல வந்த பேரத்தான் நான் எழுத முடியும்” என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. இரட்டையருக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை தரவேண்டுமா என்று கேட்டால் முன்பெல்லாம் யோசிக்காமல் ஆமாம் என்றிருப்பேன். சட்டத்தைப் படித்து, கணக்கையும் போட்டுப் பார்த்த பிறகு என் கருத்து மாறிவிட்டது. அவர்களுக்கு முன்னுரிமை தேவையில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சீட்டு போட்டால் போதும். இந்த வித்தியாசம் பெற்றோருக்கும் பள்ளிகளுக்கும் துறைக்கும் தெளிவாகப் புரியவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தங்கள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒதுக்கவேண்டும் என்கிறது அதன் 12-வது பிரிவு. எல்.கே.ஜி.யிலிருந்து பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளியில் இந்தக் கடமையும் எல்.கே.ஜி.யிலேயே தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்ச ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் நலிவடைந்த பிரிவில் வரும். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும். ஆதரவற்ற குழந்தைகள், எச்.ஐ.வி. தொற்றால் பாதிக்கப்பட்டோர், மூன்றாம் பாலினத்தவர், தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. மற்றவர்களில் விண்ணப்பம் இடத்தைவிட அதிகமானால் குலுக்கல். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2012-லும் 2014-லும் தீர்ப்பளித்துவிட்டது. அதனால் நீங்கள் நினைத்திருக்கும் பள்ளி அந்த வகையா என்பதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

இந்தச் சட்டத்தில் இரட்டையர் என்ற சொல்லே கிடையாது. உடன்பிறந்தவர்களுக்குச் சலுகை என்றும் எதுவும் இல்லை. ஆனால் 2-வது பிரிவின் விளக்கங்களுக்குள் ஒரு முக்கியமான வரி இருக்கிறது. குலுக்கல்போல் யாருடைய விருப்பமும் கலக்காத முறையைத் தவிர்த்து, ஒரு பிள்ளையை விட்டுவிட்டு இன்னொரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் எந்த முறையும் ‘வடிகட்டும் நடைமுறை’ என்று அது சொல்கிறது. அதை 13-வது பிரிவு தடை செய்கிறது. பள்ளி நிர்வாகம் தன் விருப்பத்துக்கு ‘இரட்டையருக்கு முதலிடம்’ என்று அறிவித்தால், என் வாசிப்பில் அது இந்தத் தடையில் போய் முட்டும். ஒரே சீட்டில் இரண்டு பெயரை எழுதிப் போட்டால் முட்டாது, ஏனென்றால் குலுக்கல் அப்போதும் குலுக்கலாகவே இருக்கிறது.

இப்போது கணக்கு. 20 இடம், 40 விண்ணப்பம், அந்த 40 பேரில் ஒரு ஜோடி இரட்டையர் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகச் சீட்டு போட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு சரிபாதி. நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்த இருவரையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டு பேருக்கும் கிடைக்க நூற்றுக்கு 24 பங்கு வாய்ப்பு. இரண்டு பேருக்குமே கிடைக்காமல் போக இன்னொரு 24. மீதி 51-க்கும் மேல் ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே. பாதிக்கு மேற்பட்ட வாய்ப்பு பிள்ளைகளைப் பிரிப்பதற்குத்தான் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு நடந்ததைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்துபோக முடியாததற்குக் காரணம் இதுதான். அந்த முறையில் அதிகம் நடக்கக்கூடியதே அதுதான்.

பெற்றோர் சாதாரணமாகக் கேட்பது என்ன? “ஒருத்தன் பேர் வந்திருச்சு, கூடப் பொறந்தவனையும் சேத்துக்கங்க.” மனசுக்குச் சரியாகப் படும். அதையே விதியாக்கினால் என்ன ஆகும்? டப்பாவில் இரட்டையருக்கு இரண்டு சீட்டு, எது வந்தாலும் இருவருக்கும் இடம். அப்போது அவர்கள் வாய்ப்பு நூற்றுக்கு 50-லிருந்து ஏறக்குறைய 76-க்குத் தாவுகிறது. மற்ற 38 பிள்ளைகளின் வாய்ப்பு 49-க்குக் கீழே இறங்குகிறது. குறைவது கொஞ்சம்தான். ஆனாலும் அந்த 38 பேரில் கணவனை இழந்து வீட்டுவேலை செய்யும் ஒரு பெண்ணின் ஒரே மகளும் இருக்கலாம். அவளிடம் போய், உன்னோடு யாரும் பிறக்கவில்லை, அதனால் உன் வாய்ப்பு குறைவு என்று எந்த முகத்தோடு சொல்வது?

மூன்றாவது வழி, இருவர் பெயரும் ஒரே சீட்டில். டப்பாவில் இப்போது 39 சீட்டு. முதல் 20-க்குள் அந்தச் சீட்டு வந்தால் இருவருக்கும் இடம், வராவிட்டால் இருவருக்கும் இல்லை. சரியாக 20-வதாக வந்தால் மட்டும் ஓர் இடம்தான் மிச்சமிருக்கும், அப்போது ஒன்றைக் கூடுதலாகத் தரவேண்டிவரும். அப்படி நேர 39-ல் ஒரு வாய்ப்பு. நோட்டில் போட்டுச் சரிபார்த்தேன். இந்த முறையில் மற்ற 38 பிள்ளைகளின் வாய்ப்பு ஒரு துளியும் குறையவில்லை, அதே சரிபாதி. இரட்டையருக்கு 51. பிள்ளைகள் பிரிவதற்கு மட்டும் வழியே இல்லாமல் போகிறது. யாருக்கும் நட்டமில்லாத ஒரு மாற்றத்தைச் செய்ய நமக்கு என்ன தயக்கம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அந்த ஒரு கூடுதல் இடத்துக்குச் சட்டம் இடம்தருமா? ‘குறைந்தது 25 சதவீதம்’ என்றுதான் 12-வது பிரிவு சொல்கிறது. 25 என்பது கீழ்வரம்பு. 21-வது பிள்ளையைச் சேர்ப்பது குற்றமாகாது. அந்தப் பிள்ளைக்கான கட்டணத்தை அரசு ஈடுசெய்யுமா என்பதுதான் பள்ளியின் கவலையாக இருக்கும். அதை அரசு ஒரு சுற்றறிக்கையில் தீர்த்துவைக்கலாம்.

இங்கிலாந்து இதைத் தீர்த்துவைத்த விதம் கவனிக்கத்தக்கது. அங்கே ஆரம்ப வகுப்புகளில் ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்று 1998-ஆம் வருடச் சட்டத்தின்படி கண்டிப்பான வரம்பு உண்டு. அதனால் இரட்டையரில் ஒருவர் 30-வது ஆளாக உள்ளே வர, மற்றவருக்குக் கதவு மூடிக்கொள்ளும். 2012-ல் வந்த விதிமுறைகள் அதற்கு ஒரு விலக்கு தந்தன. இரட்டையரில் ஒருவர் முறையாக இடம்பெற்றுவிட்டால் மற்றவரை 31-வது பிள்ளையாகச் சேர்க்கலாம், அது வரம்பு மீறலாகக் கணக்கில் வராது. மூவராகப் பிறந்தாலும் அப்படியே. இரட்டையரை வரிசையில் முன்னே கொண்டுபோய் நிறுத்தும் சலுகை இதில் இல்லை. வரிசையின் கடைசியில் குடும்பம் இரண்டாக அறுபடாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் இதன் வேலை.

நம் ஊரில் அரசின் கண்ணுக்கு இரட்டையர் ஒருவரா இருவரா என்பதே இடத்துக்கு இடம் மாறுகிறது. கேந்திரிய வித்யாலயாவில் ‘ஒற்றைப் பெண் குழந்தை’க்கான ஒதுக்கீட்டு விதியில் இரட்டைப் பெண் குழந்தைகளையும் சேர்த்தே விளக்கம் எழுதியிருக்கிறார்கள். முனைவர் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழு ஒற்றை மகளுக்குத் தரும் உதவித்தொகைக்கு இரட்டையரில் ஒருத்தியும் விண்ணப்பிக்கலாம். செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் வீட்டுக்கு இரண்டு பெண்களுக்குத்தான் கணக்கு, ஆனால் முதல் அல்லது இரண்டாம் பிரசவத்தில் இரட்டையர் பிறந்திருந்தால் அந்த எல்லை தளரும். இதற்கு நேர் எதிராக, முதல் பிரசவத்தில் இரட்டையர் பெற்ற ஒரு பெண் ஊழியர் அடுத்த பிரசவத்துக்கு மகப்பேறு சலுகை கேட்ட வழக்கில், அது மூன்றாவது குழந்தையாகவே கணக்கில் வரும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2020-ல் சொன்னது. இரட்டையர் ஒருவர் பின் ஒருவராகத்தான் பிறக்கிறார்கள் என்பது அதன் வாதம். விதி எங்கே தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதோ அங்கே தாய் தப்பித்தாள். எழுதப்படாத இடத்தில் அலைந்தாள். பள்ளிச் சேர்க்கையிலும் அந்த ஒரு வரி எழுதப்பட்டுவிட வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

ஆர்.டி.இ.க்கு வெளியே, கட்டணம் கட்டிச் சேரும் இடங்களில் இன்னொரு முரண் இருக்கிறது. பல பள்ளிகளில் அக்கா படித்தால் தம்பிக்கு முன்னுரிமை. டெல்லியில் 2013 டிசம்பரில் துணைநிலை ஆளுநர் வெளியிட்ட நர்சரி சேர்க்கை நெறிமுறையில் நூற்றுக்கு 70 புள்ளி வீட்டின் அருகாமைக்கு, 20 புள்ளி உடன்பிறந்தவர் அங்கே படித்தால். மறுவருடமே அந்த நெறிமுறையை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, அது வேறு விஷயம். முதல் பிரசவத்தில் பிறந்த இரட்டையருக்கு இந்த 20 புள்ளி எங்கிருந்து வரும்? இருவரும் ஒரே நாளில் வாசலில் நிற்கிறார்கள், இருவரில் யாரும் இன்னும் ‘படிக்கும் பிள்ளை’ இல்லை. ஒரு வருட இடைவெளியில் பிறந்தவர்களுக்குக் கிடைக்கும் சலுகை ஒன்றாகப் பிறந்ததாலேயே இவர்களுக்கு இல்லாமல் போகிறது.

அதிலும் எனக்கு அதிகம் கோபம் வருவது நேர்காணல் நடத்தும் பள்ளிகள் மீதுதான். ஒருமுறை உறவுக்காரப் பெண்ணோடு அவளுடைய இரட்டையரை அழைத்துக்கொண்டு போனேன். மகள் மேசைமேல் இருந்த பழங்களின் படத்தைப் பார்த்து ஆப்பிள், பனானா என்று கடகடவென்று சொன்னாள். மகன் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் அவன்தான் வாயாடி. “பொண்ண எடுத்துக்கறோம். பையனுக்கு இன்னும் ஒரு வருஷம் போகட்டும்” என்றார்கள். மூன்றரை வயதில், பத்து நிமிடத்தில், ஒருத்தி தேர்ந்தாள், ஒருவன் தோற்றான். வீடு திரும்பியதும் அந்தப் பெண் பிள்ளை தன் தம்பியிடம், “உன்ன மிஸ் வேணாம்னுட்டாங்க” என்று சொன்னாள். அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது. அவனுக்குத் தெரிந்துவிட்டது.

பிள்ளையையோ பெற்றோரையோ நேர்காணல் செய்து வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் என்கிறது 13-வது பிரிவு. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியதாக ஆகும். இந்தச் சட்டம் 6 முதல் 14 வயதுவரையிலான பிள்ளைகளுக்கானது. 25 சதவீதம் போக மீதியுள்ள நர்சரி இடங்களுக்கு இது பொருந்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்திருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் இந்தத் தடையைப் பிடித்துக்கொண்டு உறுதியாக நிற்கலாம். எல்.கே.ஜி.யில் கட்டண இடத்துக்கு அந்தப் பிடி தளர்வானது. அங்கே கல்வித் துறையிடம் முறையிடலாம், ஆனால் முறையீடு நிச்சயம் வெல்லும் என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்த ஆபத்து பணம். ஒருவனுக்கு இடம் கிடைத்து மற்றவனுக்குக் கிடைக்காத பெற்றோரைவிட எளிதாக வளைக்கக்கூடியவர்கள் யாரும் இல்லை. “இன்னொரு பையனுக்கு மேனேஜ்மென்ட்ல பாக்கலாம், கொஞ்சம் பில்டிங் ஃபண்டு மட்டும்” என்று ஒரு குரல் வரும். அறிவிக்கப்பட்ட கட்டணத்துக்கு மேல் நன்கொடை, பங்களிப்பு என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் அது தலைக்கட்டணம்தான். வாங்கியதைப்போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். கட்டடத்துக்கு, ஸ்மார்ட் கிளாஸுக்கு என்று கேட்டால் ரசீது கேளுங்கள். கேட்ட மாத்திரத்தில் பேச்சு மாறுவதைப் பார்ப்பீர்கள். பள்ளிக்கு அரசின் கட்டண நிர்ணயக் குழு எவ்வளவு நிர்ணயித்திருக்கிறது என்பதையும் கேட்டு வாங்குங்கள், அதற்கு மேல் வசூலிக்கத் தமிழ்நாட்டில் 2009-ஆம் வருடச் சட்டப்படி உரிமையில்லை. கடன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு புகார் செய்வதைவிட, கொடுக்காமல் புகார் செய்வது எப்போதும் சுலபம்.

இருவரில் ஒருவர் மாற்றுத்திறனாளியாக இருக்கும் குடும்பங்களும் உண்டு. இரட்டையர் குறைமாதத்தில் பிறப்பது சாதாரணம், அதன் விளைவுகளோடு வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படி ஒரு வீட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குக் குலுக்கல் இல்லாமலே ஆர்.டி.இ. இடம் கிடைத்துவிடும், மற்றவன் குலுக்கலில் நிற்பான். ஒரே சீட்டு என்ற யோசனைகூட இங்கே உதவாது. உடன் வளர்ந்தவன் பக்கத்தில் இருந்தால்தான் சாப்பிடுவேன், கழிப்பறைக்குப் போவேன் என்றிருக்கும் பிள்ளைக்கு அவன்தான் முதல் துணை. இந்த ஒரு நிலையில் மட்டும் நான் என் கொள்கையைத் தளர்த்தி முன்னுரிமையே கேட்பேன். மருத்துவச் சான்றோடு இதை எழுத்தில் வைத்தால் மாவட்ட அளவில் செவிசாய்க்க வாய்ப்பு உண்டு.

பிரிந்து சேர்ந்தால் என்ன, வளரட்டுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே பள்ளி என்பதும் ஒரே வகுப்புப் பிரிவு என்பதும் வேறுவேறு. சில இரட்டையர் ஏ பிரிவிலும் பி பிரிவிலும் இருந்தால்தான் தனித்து வளர்கிறார்கள், சிலருக்கு ஒன்றாக இருந்தால்தான் பேச்சே வருகிறது. அது பிள்ளையைப் பார்த்துப் பெற்றவர்களும் ஆசிரியரும் பேசி முடிவு செய்யவேண்டியது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் 2005-லும் டெக்சாஸ் 2007-லும் இதற்காகவே பெற்றோருக்குக் கேட்கும் உரிமையைச் சட்டமாக்கின. நான் பேசுவது அதைவிட அடிப்படையான ஒன்று. ஒரு அம்மா ஒன்பது மணிக்கு எந்த வாசலில் நிற்பது?

இரண்டு பள்ளி என்றால் இரண்டு வேன், இரண்டு நேரம், இரண்டு விதமான விடுமுறை. ஒருவனுக்கு இலவசம், மற்றவனுக்குக் கட்டணம் என்றானால் வீட்டுக்குள்ளேயே ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு. பின்விளைவு 18 வயதுவரை நீளும். ஆர்.டி.இ. இலவசம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஒருவன் அரசுப் பள்ளி, ஒருவன் தனியார் என்று பிரிந்த இரட்டையரில் ஒருவனுக்கு மட்டும்தான் அந்தக் கதவு திறக்கும். ஆர்.டி.இ.யில் எட்டுவரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வருபவர்களுக்கும் இந்தத் தகுதி உண்டு என்பதைப் பலர் அறியாமல், ஒன்பதாம் வகுப்பில் கடன்வாங்கிக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, செய்யவேண்டியவை. இருவருக்கும் தனித்தனிப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கவேண்டும். பிறந்த 21 நாளுக்குள் பதிவுக்குக் கட்டணமில்லை. பெயரை ஒரு வருடத்துக்குள் சேர்த்தால் செலவில்லை, 15 வயதுவரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டத் திருத்தம் வந்திருக்கிறது. இரட்டையரின் சான்றிதழ்களில் தேதி ஒன்று, அப்பா பெயர் ஒன்று, அம்மா பெயர் ஒன்று, முகவரி ஒன்று, போன் நம்பர் ஒன்று. பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கி ஒரே ஓசையில் முடிந்தால், கணினி முன் அவசரத்தில் இருப்பவருக்கு ஒரே பிள்ளை இருமுறை பதிவானதுபோல் தோன்றலாம். ஆதாரிலும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் மாணவர் பதிவிலும் எண்கள் இடம்மாறாமல் இருக்கின்றனவா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் நள்ளிரவுக்கு முன்னும் மற்றவர் பின்னும் பிறந்தவர்கள் என்றால் தேதியே வேறுபடும், வயது வரம்பு நாள் நடுவில் விழுந்தால் ஒருவர் அடுத்த வருடத்துக்குத் தள்ளப்படுவார். அரிதுதான், ஆனால் அப்படி இருந்தால் முன்கூட்டியே மனுக் கொடுக்கவேண்டும்.

ஆன்லைனில் விண்ணப்பம் இருவருக்கும் தனித்தனியாகத்தான். ஆனால் இருவருக்கும் அதே பள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள், ஒரு பள்ளிகூட மாறக்கூடாது. வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் நடப்பது 2025-ல் மத்திய நிதி வராத சிக்கலால் தள்ளிப்போய் அக்டோபரில்தான் தொடங்கியது. ஆகவே போன வருடத் தேதியை நம்பி இருக்கவேண்டாம். குலுக்கல் அன்று கட்டாயம் போங்கள். எத்தனை இடம், எத்தனை விண்ணப்பம், எத்தனை சீட்டு டப்பாவில் போட்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காத்திருப்புப் பட்டியலில் உங்கள் பிள்ளையின் வரிசை எண்ணை எழுத்தில் கேளுங்கள், ஏனென்றால் தேர்வானவர்களில் வராமல் போகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

பிரிந்துவிட்டால் முதலில் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்தில் மனு, பிறகு முதன்மைக் கல்வி அலுவலர். 32-வது பிரிவின்படி புகாரை உள்ளூர் அதிகார அமைப்பு மூன்று மாதத்துக்குள் முடிக்கவேண்டும். திருப்தியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு. வழி தெரியாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, முதல்வரின் முகவரி 1100 ஆகிய எண்களில் கேளுங்கள். காலியிடம் இருந்தும் இல்லை என்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி துறையிடம் கேட்கலாம், 30 நாளில் பதில் தரவேண்டும். அரசுப் பள்ளியிலிருந்து இன்னொரு அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாற்றம் கேட்பது உரிமை. தனியார் பள்ளிக்கு மாற்றம் கேட்கும் உரிமை கல்வி உரிமைச் சட்டத்தில் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், யாராவது இருக்கிறது என்று சொல்லிப் பணம் கேட்கக்கூடும்.

எங்கள் தெரு அம்மா இவை எதையும் செய்யவில்லை. எனக்கும் அப்போது இவை தெரியாது. பெரியவன் காத்திருப்பில் இரண்டாவது ஆளாக இருந்தான், ஒருவர் வராததால் முதல் ஆளானான். அதற்குமேல் நகரவில்லை. ஜூன் முதல் வாரம் அவர் சின்னவனின் இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். சின்னவன் விட்ட அந்த ஓர் இடத்தைக் காத்திருப்பில் முதல் ஆளான பெரியவனுக்கே தருவதாகச் சொன்னார்கள். “அப்ப சின்னவன் வெளிய நிப்பான். அதே கததானேக்கா” என்றார். அதையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். இடம் மூன்றாவது பிள்ளைக்குப் போயிற்று. இருவரையும் அங்கன்வாடியில் விட்டு, பிறகு மாநகராட்சிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார். அங்கே சீட்டும் இல்லை, குலுக்கலும் இல்லை. காலை உணவை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

அந்த மே மாதம் என்னிடம் இருந்திருக்க வேண்டிய கடிதம் இது. பள்ளித் தலைமையாசிரியருக்கும், மாவட்டக் கல்வி அலுவலருக்கும்:

“என் பிள்ளைகள் இருவரும் இரட்டையர். பிறப்புச் சான்றிதழ் நகல்கள் இணைத்துள்ளேன். இருவருக்கும் தனித்தனியாக விண்ணப்பித்துள்ளேன், விண்ணப்ப எண்கள் கீழே. எங்களுக்கு முன்னுரிமை கோரவில்லை. குலுக்கலில் இருவர் பெயரையும் ஒரே சீட்டில் எழுதிப் போடுமாறு வேண்டுகிறேன். அந்தச் சீட்டு வராவிட்டால் இருவருக்கும் இடமில்லை என்பதை ஏற்கிறேன். அந்தச் சீட்டு கடைசி இடத்துக்கு வந்தால், 25 சதவீதம் என்பது சட்டப்படி கீழ்வரம்பு என்பதால், ஓர் இடம் கூடுதலாக அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதை ஏற்க இயலாவிடில் காரணத்தை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

ஏற்றுக்கொள்ளவேண்டும் என்ற கட்டாயம் இன்று சட்டத்தில் இல்லை. ஆனால் இப்படி வரும் கடிதங்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் கோப்பில் சேர்ந்தால்தான் விதியில் ஒரு வரி எழுதப்படும். இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை வைக்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். குலுக்கலுக்கு ஒரு வாரம் முன்பாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.